டிக்கியின் இடது பக்கம்

மகனுக்கு,

நீ நலம் என்பதை உன் வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் நலமாக இல்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா, "கல்யாணத்துக்குப் பத்து நாளுதான் கெடக்கு. எதையாவது எழுதித் தொலைக்காதீங்க, புள்ள மனசு சங்கடப்படும்" என்றாள். சங்கடப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொன்னால், "அப்பா, இன்னொரு கால் வருது" என்று வைத்துவிடுவாய். வீடியோவுக்குக் கீழே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரி தட்டுவதற்குள் கை எங்கேயோ பட்டு எல்லாம் அழிந்துவிட்டது. அதனால் பேப்பரில் எழுதி, நாளை பெங்களூர் வரும் உன் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். மறைத்து மறைத்துத்தான் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

'தாத்தா காரா, என் காரா?' என்று தலைப்பு வைத்திருக்கிறாய். பதினெட்டு நிமிஷம். தீபாவளிக்கு வந்தபோது நம் வாசலில் எடுத்தாயே, அதுதான். ஒரு பக்கம் நம் வெள்ளை அம்பாசிடர், இன்னொரு பக்கம் உன் நீல வண்டி. படம் எடுக்கப் போகிறாய் என்றதும் விடிகாலையிலேயே எழுந்து அம்பாசிடரைக் கழுவித் துடைத்து வைத்தவன் நான். கேமரா பிடித்த உன் சிநேகிதனுக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தவனும் நான்தான். எதற்காகக் கழுவுகிறோம் என்று தெரிந்திருந்தால் சாணியை அப்பி வைத்திருப்பேன்.

வண்டியைப் பற்றி நீ சொன்னதில் பெரும்பாலும் சரி. அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. உன் வண்டி பட்டனைத் தொட்டால் உறுமுகிறது, ஐந்து நொடிக்குள் நூறைப் பிடிக்கிறது. நம் வண்டி நூறைப் பிடிப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வெற்றிலை போட்டுத் துப்பியும் முடித்துவிடுவார். உன் பிரேக் நினைத்த இடத்தில் நிற்கிறது. நம் வண்டி செந்துறையில் நிற்க வேண்டுமென்றால் முந்தின ஊரிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் கியர் இருப்பதை 'க்யூட்' என்றாய். இருபத்தைந்து வருஷம் அதைப் போட்ட என் இடது தோளைக் கேள், எவ்வளவு க்யூட் என்று சொல்லும். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிப் பிழைத்தவன் நான். ஆலத்தியூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலைக்குக் கல் லோடு அடித்தே எனக்கு நரைத்தது. எந்த வண்டி உசத்தி என்று எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். உன் வண்டிதான் உசத்தி. நான் கையெழுத்தே போட்டுத் தருகிறேன்.

கோபம் அங்கே இல்லை. பன்னிரண்டாவது நிமிஷத்தில் பின்கதவைத் திறந்து, சீட்டைத் தட்டிக்காட்டி, "இந்த பேக் சீட்லதான் எங்க தாத்தா மகாராஜா மாதிரி உக்காந்து போவாரு. எங்க ஊருக்கு வந்த மொத காரே எங்க வூட்டுக் காருதான்" என்றாய். அதோடு விட்டாயா? பின்னால் போய், டிக்கியின் மேல் இரண்டு பக்கமும் பெயிண்ட் தேய்ந்து மங்கிக் கிடக்கிற இடத்தைத் தடவிக்கொடுத்து, "இது பேரு பேட்டினா. காசு குடுத்தாலும் கெடைக்காத வின்டேஜ் அழகு" என்றாய். நான் போனைக் கட்டில்மேல் வீசிவிட்டு எழுந்து வெளியே போனேன். சட்டைகூடப் போடாமல் ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

அந்தத் தேய்மானம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாய், அதனால் மறுபடியும் எழுதுகிறேன். அது பெரியவூட்டுக்காரருடைய கார். ஊர் நிலத்தில் பாதி அவர்களுடையது. நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது. உன் தாத்தா அவர்கள் வயலில் கூலிக்கு நின்றவர். காலையில் ஏழு மணிக்குப் பெரியவூட்டுக்காரர் அரியலூர் கோர்ட்டுக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ கிளம்புவார். வண்டியின் பேட்டரி எந்நேரமும் செத்துத்தான் கிடக்கும். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள்; ஒருநாள் அது எகிறி டிரைவரின் மணிக்கட்டை உடைத்துவிட்டது. அதோடு கைப்பிடி பரணுக்குப் போனது. புதுப் பேட்டரி போடலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆள் இருக்கும்போது பேட்டரி எதற்கு? உன் தாத்தாவும் இன்னொருத்தரும் வயலுக்குப் போவதற்கு முன்னால் அந்த வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். பதினாறு வருஷம் தள்ளினார்.

வெறுங்கையை வைத்துத் தள்ளக் கூடாது. வியர்வை பட்டால் பெயிண்ட் போய்விடுமாம். "தோள்ல கெடக்கறத எடுத்து வெச்சுத் தள்ளுங்கடா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். உன் தாத்தா துண்டை எடுத்து நாலாக மடித்து, டிக்கியின் இடது பக்கம் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றுவார். அவருக்கு எப்போதும் இடது பக்கம்தான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தினமும் பார்ப்பேன். வயலில் கிடந்த துண்டு அது, பொடி மண் அப்பியிருக்கும். அந்த மண் தினம் தினம் உரசி உரசி, பெயிண்டைக் காப்பாற்ற வைத்த துண்டே பெயிண்டைத் தின்றுவிட்டது. அந்த இடத்தைத்தான் நீ உலகத்துக்குக் காட்டி அழகு என்றாய். நான் அந்த வண்டிக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தேன். இரண்டு தடவையும் பெயிண்டர், "இந்த ரெண்டு எடத்த மட்டும் ஏங்க விடச் சொல்றீங்க? பாக்க அசிங்கமா இருக்குமே" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். உனக்கு வீடியோவில் காட்டுவதற்காக விட்டுவைக்கவில்லை.

இதுவரைக்கும் எழுதியதில் நான் யோக்கியன்போலத் தெரிகிறேன். அதுவும் பொய்தான். பெரியவூட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, அவர் மகன் திருச்சிக்குக் குடிபோனபோது வண்டி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கோழி அடைகாக்கிற இடமாகக் கிடந்தது. நான் போய்க் கேட்டேன். "இத வெச்சு என்னா செய்யப் போற?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். எதற்கு வாங்கினேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அப்பாவை உட்காரவைக்க என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. நான் ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருப்பதை ஊர் பார்க்க வேண்டும் என்பது மீதிப் பாதி. ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்கப்பா" என்றேன். உன் தாத்தா கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினாறு வருஷம் அந்த வண்டியோடு கிடந்தவர், ஒருநாள்கூட அந்தக் கதவைத் தொட்டதில்லை. நான் இறங்கிப்போய்த் திறந்துவிட்டேன். காலைத் துடைத்துக்கொண்டு ஏறி, சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். சாயவில்லை.

ஊரிலிருந்து செந்துறைக்கு ஆறு கிலோமீட்டர். செந்துறை பஸ் நிறுத்தம் வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. டீக்கடைக்கு நேராக வந்ததும் இன்ஜின் அணைந்துவிட்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். என்னோடு லாரி ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். ஒருவன், "என்னா மொதலாளி, அவ்வளவுதானா?" என்றான். நானும் ஸ்டார்ட்டரை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், உயிர் வரவில்லை. முகமெல்லாம் சூடாகிவிட்டது. அதுவரை என் அப்பாவை 'வாங்க, போங்க' என்றே பேசியவன் நான். அன்றைக்குத் திரும்பிப் பார்த்துக் கத்தினேன்: "என்னா பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? எறங்கித் தள்ளு!"

அவர் இறங்கினார். கண்ணாடியில் பார்த்தேன். தோளில் இருந்த துண்டை எடுத்தார், நாலாக மடித்தார், இடது பக்கம் அதே இடத்தில் வைத்தார். வண்டி கிளம்பிவிட்டது. மறுபடியும் அணைந்துவிடக் கூடாதே என்று கொஞ்ச தூரம் ஓட்டிப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் அதற்குள் ஊர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்திருந்தார். பக்கத்தில் நிறுத்தி, "ஏறுங்கப்பா, தெரியாம கத்திட்டேன்" என்றேன். "நீ போ தம்பி. நான் நடந்தே வரேன். வண்டி நல்லாத்தான் போவுது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாகிறவரைக்கும் அவர் மறுபடி அந்த வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் போவார், சைக்கிளில் போவார். நான் கூப்பிடாத நாள் இல்லை, அவர் ஏறிய நாளும் இல்லை. உன் மகாராஜா அந்த சீட்டில் உட்கார்ந்தது ஆறு கிலோமீட்டர். அதுவும் ஓரத்தில்.

நீ காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கும்போது, சைலன்சர் மாற்ற வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். நீ பக்கத்தில் குந்தி ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அன்றைக்குத்தான் இதையெல்லாம் உனக்குச் சொன்னேன், நான் கத்தியது உட்பட. நீ ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டாய். அழுகிறாயோ என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நீ கேட்டது என்ன தெரியுமா? "இத வேற யாருகிட்டயாவது சொல்லிருக்கியாப்பா? சொல்லாத. என் பிரெண்ட்ஸு யாருக்கும் தெரிய வேணாம்." நான் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விட்டேன். அப்போதே வெளியே வந்து, கிரீஸ் கையோடு உன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். படிக்கிற பிள்ளை, நாலு பேர் மத்தியில் கூச்சமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் விட்டால் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். விட்ட இடத்தில் நீ மகாராஜாவைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டாய்.

இன்னொன்றும் இருக்கிறது. வீடியோ எடுத்த மறுநாள் நீ ஊருக்குக் கிளம்பினாய். முந்தின ராத்திரி பெய்த மழையில் நம் தெரு முனையில் கரிசல் மண் களியாகக் கிடந்தது. அம்பாசிடர் அந்த இடத்தை உறுமிக்கொண்டே தாண்டிவிடும். உன் வண்டிக்கு வயிறு தரையோடு கிடக்கிறது, அகல டயர் வேறு. புதைந்துவிட்டது. நீ ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சேறு பனைமர உயரத்துக்கு அடித்ததே தவிர வண்டி நகரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பொம்பளைகள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். நீ இறங்கவில்லை, வெள்ளை ஷூ. கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் தள்ளுங்கக்கா" என்றாய், நல்ல பிள்ளையாகத்தான் கேட்டாய். அவர்கள் கை வைத்ததும் சொன்னாயே: "பாத்துக்கா, பாத்து, பெயிண்ட்டு! சேத்துக் கையோட வெக்காதீங்க. துணி ஏதும் இருந்தா வெச்சுத் தள்ளுங்க."

பெரியவூட்டுக்காரர் செத்து எத்தனையோ வருஷம். அவர் குரலை என் மகன் வாயில் கேட்டேன். நீ தெரிந்து சொல்லவில்லை, வண்டி மேல் உள்ள ஆசையில் சொன்னாய், அதுவும் தெரியும். அவரும் வண்டி மேல் உள்ள ஆசையில்தான் சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா முந்தானையை உருவி மடித்து வைத்ததை நான் பார்த்தேன். நானும் போய் அவர்களோடு நின்று தள்ளினேன். வண்டி வெளியே வந்ததும் நீ கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். பெங்களூர் போய்ச் சேர்ந்து போன் பண்ணி, "நீ எங்கப்பா போன? கெளம்பும்போது ஆளையே காணோம்" என்று கேட்டாய். பின்னால் நான் நின்றது உனக்குத் தெரியவே இல்லை. உன் வண்டியில் பின்னால் பார்க்க கேமரா இருக்கிறது என்று வீடியோவில் பெருமையாகச் சொன்னாய். அது ரிவர்ஸ் போட்டால்தான் எரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நீ இரண்டு வண்டியையும் வைத்து வேகம், பிரேக், மைலேஜ் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டாய். என்னைக் கேட்டிருந்தால் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டும் ஒருநாள் நின்றது. இரண்டையும் தள்ளியது ஒரே மாதிரி ஆட்கள். இரண்டிலும் உள்ளே இருந்தவனுக்குப் பெயிண்ட் மேல்தான் கண். நடுவில் ஒருநாள் உள்ளே இருந்தவன் நான், அதையும் சேர்த்துக்கொள். இதைத் தவிர மற்ற வித்தியாசமெல்லாம் ஒர்க் ஷாப்காரனுக்குத்தான் உபயோகப்படும்.

இவ்வளவையும் மனசுக்குள் போட்டுப் பூட்டிவிட்டுக் கல்யாணத்தை முடித்திருப்பேன், பவித்ரா போன் பண்ணாமல் இருந்திருந்தால். உனக்குப் பெண் கொடுக்கிற அவள் அப்பா பெரம்பலூரில் மக்காச்சோள மண்டி வைத்திருக்கிறார், நாலு பேருக்குத் தெரிந்த குடும்பம், அவர்கள் முன்னால் நீ உசரமாகத் தெரிய ஆசைப்பட்டாய். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. "மாமா, வீடியோ பாத்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காருதான் வேணும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். கல்யாணம் முடிஞ்சு நாங்க அதுலயே போட்டோ எடுக்கப் போறோம். தாத்தா எந்தப் பக்கம் உக்காருவாங்க மாமா? நான் அந்தப் பக்கந்தான் உக்காருவேன்" என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "எடது பக்கம்மா" என்றேன். போனை வைத்த பிறகுதான் தெரிந்தது, நான் டிக்கியின் இடது பக்கத்தைச் சொல்லியிருக்கிறேன். அவள் அதை சீட்டின் இடது பக்கம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வைத்துவிட்டாள். உன் பொய்க்கு நானும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன்மேல் இருக்கிற கோபத்தைவிட என்மேல் இருக்கிற கோபம் பெரிது. இரண்டையும் சேர்த்து உனக்குத்தான் எழுதுகிறேன், வேறு யாரிடம் போய்க் கொட்டுவது?

நன்றாகக் கேட்டுக்கொள். தாத்தா வண்டி தள்ளினார் என்று சொல்வதில் உனக்கு ஒரு இழிவும் இல்லை. தள்ள வைத்தவனுக்குத்தான் இழிவு, அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன். நீ அவரை சீட்டில் ஏற்றி உட்காரவைத்து மரியாதை செய்வதாக நினைக்கிறாய். பதினாறு வருஷம் அவர் உழைத்த இடத்திலிருந்து அவரைத் துடைத்து எடுத்துவிட்டாய், அவ்வளவுதான். நாளைக்கு ஒரு பெண் உன்னை நம்பி, இல்லாத ஒரு மனுஷன் உட்கார்ந்த இடத்தில் உட்காரப் போகிறாள். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் முதல் நாளே தாத்தாவைப் பற்றிப் பொய் சொன்னவன், அடுத்து அப்பனைப் பற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உன் அம்மாவை நான் கட்டிய காலத்தில் என்னிடம் ஒன்றுமே இல்லை. லாரி டிரைவர், கூலிக்காரர் மகன் என்று சொல்லித்தான் பெண் கேட்டோம். அவள் இன்றைக்கு வரைக்கும் அதற்காக என்னைக் குறைவாகப் பார்த்ததில்லை. டீக்கடை முன்னால் கத்தியதற்காகத்தான் பார்க்கிறாள், அது நியாயம்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. பவித்ராவிடம் நீயே சொல். அவள் அப்பாவிடமும் சொல். பிறகு அந்த டிக்கிக்குப் பக்கத்தில் நின்று, பதினெட்டு நிமிஷம் வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும், அது என்ன தேய்மானம் என்று உன் கேமராவிலேயே சொல். சொல்லிவிட்டாயானால் வண்டிக்குப் புதுப் பேட்டரி போட்டு, பூ சுற்றி, பெரம்பலூர் பிள்ளையார் கோயில் வாசலுக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன். நீ பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து வா. உன் தாத்தா சாயாததற்கும் சேர்த்துச் சாய்ந்துகொள்.

சொல்லவில்லை என்றாலும் வண்டி வரும். பவித்ரா ஆசைப்பட்டுவிட்டாள், அதில் மாற்றம் இல்லை. கோயில் வாசலில் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுவேன். ஸ்டீரிங்கை உன் மாமா பிடிப்பார். மண்டபம் வரைக்கும் நான் தள்ளுவேன். உன் மாமனார், மண்டிக்காரர்கள், மேளக்காரர், போட்டோ எடுக்கிறவர் எல்லோரும் பார்க்கட்டும். சம்பந்தி எதற்குத் தள்ளுகிறார் என்று கேட்கட்டும், நீ பதில் சொல். எனக்கு வயது அறுபத்து மூன்று, ஆனாலும் தள்ளத் தெரியும். நீ எடுத்துக் கொடுத்த பட்டுத் துண்டை நாலாக மடித்து இடது பக்கம் வைப்பேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான் இருக்கும். அந்த வண்டியில் கேமரா கிடையாது. நீ கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

அப்பா